வெறும் வயிற்றுக் கோப்பி

எழுத உட்காரும்போது பக்கத்தில் என்ன வைத்துக்கொள்வது? சிலருக்குக் கச்சாங் பூத்தே, சிலருக்கு முறுக்கு, சிலருக்குக் காயா தடவிய ரொட்டி. எனக்கு ஒரு கோப்பி ஓ போதும். ஆனால், இந்தப் பண்டங்களில் எழுத்தோடும் நம் சனங்களோடும் ஒருசேரப் பின்னிக் கிடப்பது கோப்பிதான்.

பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் நள்ளிரவில் எழுந்து விடியும்வரை எழுதியவர். 1839இல் தேநீர், சர்க்கரை, கோப்பி, புகையிலை, சாராயம் ஆகிய ஐந்து ஊக்கிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கோப்பித்தூளை மிகக் குறைந்த நீரில் கலந்து வெறும் வயிற்றில் குடிப்பதை அதில் விவரிக்கிறார். அதன் வேகம் இரண்டு மூன்று வாரங்களில் மங்கிவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1850இல், 51 வயதில் இறந்துபோனார்.

அவர் மூன்று வகைக் கொட்டைகளைக் கலந்து குடித்ததாக நண்பர் லெயோன் கோஸ்லான் எழுதியிருக்கிறார்: மோக்கா, மர்த்தினிக், பூர்போன். இதில் பூர்போன் என்பது இன்றைய ரியூனியன் தீவு. மர்த்தினிக், ரியூனியன் இரண்டும் அன்று பிரெஞ்சுக் காலனிகளாக இருந்தன. அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1848இல்தான். அதன்பின் ரியூனியனின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏராளமான தமிழர்களை ஏற்றிச் சென்றார்கள்.

நம் கதையும் தூரத்தில் இல்லை. இலங்கையில் தேயிலைக்கு முன்னால் கோப்பிதான் இருந்தது. அதைப் பறித்தவர்கள் தமிழர்கள். 1869இல் இலைத்துரு நோய் தாக்கி அந்தத் தோட்டங்கள் அழியத் தொடங்கின. துரைமார்களில் சிலர் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் கோப்பி போட்டார்கள். 1890களின் பிற்பகுதியில் பிரேசிலின் அமோக விளைச்சலால் விலை சரிந்தது. அதன் பிறகே ரப்பர் பரவியது. தோட்டம் என்றாலே நமக்குப் பால்மரம்தான் ஞாபகம் வருது. அதற்கு முன்பே கோப்பிச் செடிகளுக்கு நடுவே நம் ஆட்கள் நின்றிருக்கிறார்கள்.

கோப்பி புதிதாகச் சக்தி எதையும் தருவதில்லை. களைப்பை மூளைக்குச் சொல்வது அடினோசின் என்ற பொருள். அது போய் உட்கார வேண்டிய இடத்தைக் காஃபின் பிடித்துக்கொள்ளும். களைப்பு உடம்பிலேயே இருக்கும். சேதி மட்டும் போய்ச் சேராது. பால்சாக்குக்கு அது நாவலாக ஆனது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடியவர்களுக்கோ அது அன்றைய வேலையாக ஆனது.

“பசியாற நேரம் ஏது? கோப்பிய ஊத்திக்கிட்டா பசி தெரியாதுய்யா” என்பார் என் பாட்டி. அவருக்குத் தேவைப்பட்ட கவனமும் சின்னதில்லை. வெட்டு கொஞ்சம் ஆழமாய் இறங்கினாலும் மரத்தில் காயம் பட்டுவிடும்.

பால்சாக் குடித்த கோப்பியைப் பற்றி அவரே எழுதி வைத்தார், நண்பரும் எழுதி வைத்தார். பாட்டி குடித்ததைப் பற்றி எழுத ஆளில்லை. உங்கள் வீட்டிலும் தோட்டத்துப் பெரியவர் யாராவது இருந்தால், பெரட்டுக்கு முன்னால என்ன குடிச்சீங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள்.