திருவல்லிக்கேணி: கடனில் கரைந்த அரண்மனையும் கருங்கல் பள்ளிவாசலும்

சென்னை அண்ணா சாலையில் உள்ள ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தின் பெயரை அறியாதவர் நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் குறைவு. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் பிறந்து, 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக விளங்கிய ஓ. பி. இராமசாமி ரெட்டியார் அவர்களின் பெயர் அது. இன்று அங்குள்ள அரசு மருத்துவமனைக்கு நோயாளிகளுடன் செல்லும் நம் மக்கள், தொழுகை நேரம் வந்தால் வாலாஜா சாலையைக் கடந்து தெற்கே திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலுக்கு நடப்பதுண்டு. அந்தச் சிறு நடைக்குள் ஓர் அரசின் உயர்வும் வீழ்ச்சியும், ஒரு குடியிருப்பின் பிறப்பும் அடங்கியிருக்கின்றன.

கிழக்கே வங்கக் கடல், வடக்கே கூவம் ஆறு, மேற்கே அண்ணா சாலை, தெற்கே மயிலாப்பூர் என்று எல்லைகளைக் கொண்டது அப்பகுதி. அல்லி பூத்த கேணியால் பெயர்பெற்ற பழைய ஊர், பல்லவர் காலத்துப் பார்த்தசாரதி கோயிலைச் சூழ்ந்து இருந்தது. அதன் வடபுறத்தை மாற்றியவர் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா. (நம் மாவட்டமும் அண்மைக்காலம் வரை தென்னாற்காடு என்றே அழைக்கப்பட்டது, அதுவும் அந்த ஆட்சியின் எச்சமே.) ஆங்கிலேயரின் பாதுகாப்பை நாடிய நவாப், முதலில் கோட்டைக்குள்ளேயே மாளிகை கட்ட எண்ணினார். அது கைகூடவில்லை. கோட்டைக்குத் தெற்கே, கடலை நோக்கியவாறு சேப்பாக்கம் அரண்மனை 1768இல் எழுந்தது. ஏறத்தாழ 117 ஏக்கர் வளாகம். அரண்மனையைத் தொடர்ந்து படைவீரர்களும் முன்ஷிகளும் உலமாக்களும் கைவினைஞர்களும் வந்து குடியேறினர். அப்பகுதித் தெருக்களில் இன்றும் ஒலிக்கும் உருது அவர்கள் கொண்டுவந்ததே.

ஆனால் நவாபின் கருவூலம் ஆங்கிலேயருக்காகவும் அவர்களோடு சேர்ந்தும் நடத்திய போர்களில் வற்றியது. கம்பெனி ஊழியர்களிடமே அவர் பெரும் வட்டிக்குக் கடன் வாங்கினார். அவர்களுள் முதன்மையானவர் பால் பென்ஃபீல்டு. அரண்மனையைக் கட்டியவரும் அவரே என்பது வழக்கு. ‘ஆற்காட்டு நவாபின் கடன்’ 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்டு பர்க் ஆற்றிய புகழ்பெற்ற உரையின் பொருளாகும் அளவுக்கு வளர்ந்தது. மதரஸாவில் வட்டியின் தீமையைக் கிதாபுகளின் வழியே பாடமாக நடத்துகிறோம்; அதன் நடைமுறையை இங்கே காணலாம். நவாப் ஈடாக வைத்தது தம் சொந்த நகைகளை மட்டுமல்ல, மாவட்டங்களின் வரி வருவாயை. வாங்கியவர் அரண்மனையில் இருந்தார். செலுத்தியவர் களத்துமேட்டில் நின்ற உழவர். இந்தக் கணக்கை மறந்துவிட்டு நவாபின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

1795இல் வாலாஜா மறைந்தார். 1801 உடன்படிக்கையால் ஆட்சி கம்பெனியிடம் சென்றது. 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்ததும் பட்டமும் பறிபோயிற்று. கடனைத் தீர்க்க அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசே அதை வாங்கி அலுவலகங்களாக்கிக் கொண்டது. குடும்பத்தினருக்குப் பின்னர் ‘ஆற்காட்டு இளவரசர்’ என்ற பட்டமும், இராயப்பேட்டையில் அமீர் மஹாலும் கிடைத்தன. அரண்மனையின் ஒரு பகுதியான கலஸ் மஹால் 2012இல் தீப்பற்றி எரிந்து, பிறகு சீரமைக்கப்பட்டது.

அரண்மனை போனபின் அதைச் சார்ந்திருந்த மக்கள் சிதறியிருக்க வேண்டும். அவ்வாறு நேரவில்லை. காரணம், 1795இல் எழுந்த அந்தப் பள்ளிவாசல் என்றே கருதுகிறேன். மரமும் இரும்பும் இன்றிக் கருங்கல்லால் கட்டப்பட்டது அது. அல்லாஹ்வின் இல்லத்தை ஏலம் விட இயலாது. அதைச் சுற்றியே மஹல்லா நிலைத்தது.

அங்கே அடங்கியிருப்போருள் இருவரைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் 1972இல் மறைந்த கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள். பள்ளிவாசல் அமைந்த திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை இன்று அவர்கள் பெயரையே தாங்குகிறது. மற்றவரை நம்மில் பலர் அறிவதில்லை: லக்னோ ஃபிரங்கி மஹலிலிருந்து வந்து, இங்கே பாடம் நடத்தி, 1810இல் மறைந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்கள். மதரஸாக்களில் இன்றும் வழங்கும் தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் மகனார். உசூலுல் ஃபிக்ஹ் கலையில் அவர்கள் எழுதிய ‘ஃபவாதிஹுர் ரஹமூத்’ அரபுலகிலும் ஓதப்படுகிறது.

பள்ளிவாசலுக்குள் கல்லில் ஒரு பாரசீகக் கல்வெட்டு உண்டு. கட்டிய ஆண்டை எழுத்துகளின் எண்மதிப்பில் பொதிந்து சொல்லும் வாசகம் அது. அதை யாத்தவர் நவாபின் செயலாளராக இருந்த இந்து அறிஞர் ராஜா மக்கன்லால். இன்றும் ரமளான் மாலைகளில் அதே முற்றத்தில் நோன்பாளிகளுக்கு இஃப்தார் உணவு கொண்டுவந்து பரிமாறுவோர், மயிலாப்பூரைச் சேர்ந்த சிந்தி இந்து அன்பர்கள்.