ஹார்வர்டின் 1829ஆம் வகுப்பு

கல்லூரித் தோழர்கள் முதுமையிலும் கூடிப் பேசுவதும், கடிதங்களில் நலம் விசாரிப்பதும், மறைந்தவர்களைக் கணக்கெடுப்பதும் எங்கும் உள்ளவைதாம். ஆனால் ஹார்வர்டில் 1829இல் பட்டம் பெற்ற வகுப்பு அதற்கு ஓர் இலக்கியத்தையே விட்டுச் சென்றது. மருத்துவரும் கவிஞருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அவ்வகுப்பின் ஆண்டுக் கூடல்களுக்காக 1851 முதல் 1889 வரை பாடல்கள் எழுதினார். அவற்றுள் புகழ்பெற்றது 1859இல் எழுதிய 'தி பாய்ஸ்'. ஐம்பதை எட்டிய நரைத்தலையர்களைப் பையன்கள் என்று விளித்துக் கேலி செய்யும் பாட்டு அது.

இப்பாடல்களை நட்பின் இனிய நினைவுகளாக மட்டும் படிப்பது போதாது என்பது என் எண்ணம். தொடங்கிய காலத்தைக் கவனிக்க வேண்டும். 1850இல்தான் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டம் நிறைவேறியது. அடைக்கலம் தருவோருக்கு ஆயிரம் டாலர்வரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை. அந்தச் சட்டம் இவ்வகுப்பை நடுவே பிளந்திருக்க வேண்டும். வகுப்பில் ஒருவரான பெஞ்சமின் கர்ட்டிஸ், அச்சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று வாதிட்ட வழக்கறிஞர். இன்னொருவரான சாமுவேல் மே, மாசசூசெட்ஸ் அடிமை எதிர்ப்புச் சங்கத்தின் முழுநேர ஊழியர்; அச்சட்டத்துக்கு இரையானவர்களின் கதைகளைத் தொகுத்து 1856இல் நூலாக்கியவர். ஜேம்ஸ் ஃப்ரீமன் கிளார்க் என்ற பாதிரியாரும் அடிமைமுறையை எதிர்த்தார். கணித மேதை பெஞ்சமின் பியர்ஸோ போர் மூளும்வரை தென் மாநிலங்களின் பக்கம் சாய்ந்திருந்தவர்.

ஹோம்ஸ்? 1850இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்து மூன்று கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். வெள்ளை மாணவர்கள் எதிர்த்ததும் அப்பருவத்தோடு அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. சீர்திருத்தக்காரர்களின் ஆவேசம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆகவே 1850களின் வகுப்புப் பாடல்கள் பெரும்பாலும் இளமை, மது, நினைவு என்றே சுழல்கின்றன. அந்த மௌனத்தின் விலையில்தான் எல்லோரும் ஒரே மேசையில் அமர முடிந்தது போலும். வெளியேற்றப்பட்ட அம்மூவருக்கோ இத்தகைய வகுப்பும் இல்லை, ஆண்டு விருந்தும் இல்லை.

மனிதர்களை ஒரே கட்டத்தில் அடைத்துவிடவும் முடியாது. உச்ச நீதிமன்ற நீதிபதியான அதே கர்ட்டிஸ், 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நாடு உருவானபோதே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்கள் வாக்களித்தனர், எனவே அவர்கள் குடிமக்களே என்று நிறுவினார். அவ்வாண்டே பதவியையும் துறந்தார். பிறகு 1862இல், லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தை எதிர்த்தும் எழுதினார்!

1861 தொடக்கத்தில் ஹோம்ஸின் குரல் மாறிவிடுகிறது. அவ்வாண்டுக் கூடலில் அவர் படித்தது வடக்கின் விசுவாசம் பற்றிய பாட்டு. அக்டோபரில் அவருடைய மகன் போர்க்களத்தில் மார்பில் குண்டடிபட்டான். அடுத்தடுத்த போர்க்காலப் பாடல்களில் தயக்கம் இல்லை.

போருக்குப் பின் பாடல்களின் பொருள் மரணமாகிவிட்டது. 1874இல் கர்ட்டிஸ், 1880இல் பியர்ஸ், 1888இல் கிளார்க். எண்பதை நெருங்கிய ஹோம்ஸ் 1889இல் விடைபெறும் பாட்டு ஒன்றை எழுதி நிறுத்திக்கொண்டார், 1894இல் காலமானார். தோழர்களின் செய்திகளைத் திரட்டி ஏட்டில் பதியும் வகுப்புச் செயலர் பொறுப்பு, ஒரு காலத்தில் பாஸ்டன் கனவான்கள் வெறுத்தொதுக்கிய அடிமை எதிர்ப்பாளர் சாமுவேல் மேயிடம் இருந்தது. அவர் 1899வரை வாழ்ந்தார்.