தலைக்காயமும் வீட்டாரும்

தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தைச் சூரியகாந்தி பூக்கும் பருவத்தில் காண வருவோர் பலர். 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ திரைப்படத்தின் காட்சிகள் இங்கே படமாக்கப்பட்டபின் ஊரின் பெயர் வெளியூரார் செவிகளிலும் விழுந்தது. வயலும் குளமும் சூழ்ந்த இத்தகைய உழவர் ஊர்களில் ஒரு குடும்பத்தின் வாழ்வு ஒரு நொடியில் தலைகீழாவதற்குப் பனையும் தென்னையும் மாட்டு வண்டியும் போதுமானவையாக இருந்தன. மரத்திலிருந்து விழுந்தவனைத் திண்ணையில் கிடத்திவிட்டுக் காத்திருப்பதன்றி வீட்டாருக்கு வேறு வழி இல்லை. இன்று மோட்டார் சைக்கிளும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. காத்திருத்தல் இன்னும் ஒழியவில்லை. அதன் தன்மைதான் மாறியிருக்கிறது. அம்மாற்றத்தின் வரலாற்றைச் சிறிது கூற விழைகிறேன்.

மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே குருதி கசிந்தாலும், மூளை வீங்கினாலும், விரிவதற்கு இடமில்லை. அழுத்தம் மூளையையே நெரிக்கும். சிலர் அடிபட்டவுடன் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, வீட்டாரோடு பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து உறங்குவார்போல் மயங்கிச் சாய்வர். மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே இரத்தம் கட்டுவதால் நேர்வது இது. ‘நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தான்’ என்று புலம்பும் குடும்பம், காரணம் அறியாமல் கண்ணேற்றின்மீதும் காற்றுக் கருப்பின்மீதும் பழியைப் போட்டது. எலும்பில் துளையிட்டு அக்குருதியை உரிய நேரத்தில் வெளியேற்றினால் உயிர் மீளக்கூடும். ஆனால் அதற்கென ஒரு தனித்துறை நம் நாட்டில் 1949 வரை இருந்ததில்லை.

அவ்வாண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அத்துறையைத் தொடங்கினார். கனடாவின் மான்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் பேராசானிடம் பயின்றவர் அவர். அடுத்த ஆண்டு சென்னை அரசினர் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் பா. ராமமூர்த்தி இதே பணியைத் தொடங்கினார். சீர்காழியில் பிறந்த இவர் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரில் பயிற்சி பெற்றவர். இவ்விருவரும் மற்றிருவரும் சேர்ந்து 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர். இந்தியாவில் மூளை ரண சிகிச்சை தமிழ் மண்ணில் வேர்விட்டது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். எனினும் சென்னை நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். அடிபட்டவனுக்கு அத்தொலைவு பெரிது. திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டதே 1965-இல்தான்.

1962 மார்ச்சு மாதத்தில் இந்தியக் கிரிக்கெட் அணியின் தலைவர் நாரி கான்ட்ராக்டர், மேற்கிந்தியத் தீவுகளில் பார்படாசுக்கு எதிரான ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்தால் தலையில் அடிபட்டு மண்டையோடு பிளந்து வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 28. நாட்கணக்கில் நினைவின்றிக் கிடந்தார். எதிரணித் தலைவர் ஃபிராங்க் வொரல் குருதி ஈந்தார். உம்ரிகர், போர்டே, நட்கர்னி ஆகிய தோழர்களும் ஈந்தனர். தாயகம் திரும்பியபின் வேலூரில் சாண்டி அவர் மண்டையில் உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தினார். டெஸ்ட் ஆட்டத்தில் அவர் மீண்டும் இடம்பெறவில்லை. ஆயினும் முதல்தர ஆட்டங்களில் பல ஆண்டுகள் ஆடினார். அறுபது ஆண்டு அவரோடிருந்த அத்தகட்டை 2022-இல் அகற்றினர்.

இவ்வாறு மீண்டவரைப் பற்றி நாம் மகிழ்ந்து பேசுகிறோம். உயிர் மீண்டும் ஆள் மாறி வந்தவரைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்த வகையில் உலகெங்கும் மருத்துவ மாணவர் படிப்பது ஃபினியாஸ் கேஜ் என்னும் அமெரிக்கரின் கதை. 1848 செப்டம்பர் 13 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் இருப்புப்பாதைக்காகப் பாறை வெடிக்கையில், மூன்றரை அடிக்கு மேற்பட்ட நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி அவரது இடக் கன்னத்தின் கீழ் நுழைந்து உச்சியைப் பிளந்து வெளியேறியது. அவர் பிழைத்தார். ஆனால் பொறுமையும் நிதானமும் போயின. வேலையாட்களின் தலைவராக இருந்தவரை அப்பணியில் மீண்டும் அமர்த்த நிறுவனத்தார் இசையவில்லை. நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன. நிற்கலாகாது. பின்னர் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். நாள்தோறும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வேலை. அந்த ஒழுங்கே அவரது அறிவை மெல்ல நிலைநிறுத்தியிருக்கக்கூடும் என இக்கால ஆய்வாளர் கருதுகின்றனர். உடல் தளர்ந்தபின் 1859-இல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தாயிடமும் தங்கையின் குடும்பத்திடமும் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு வலிப்பு கண்டு இறந்தார். குழந்தைகளுக்குத் தன் பயணக் கதைகளை வியக்க வியக்கச் சொல்லுவான் என்று அத்தாய் மருத்துவர் ஹார்லோவிடம் பிற்பாடு கூறினார். மருத்துவர் வேண்டியபோது மகனின் மண்டையோட்டை எடுத்துச் செல்லவும் குடும்பத்தார் இசைந்தனர். அது இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகக் காட்சிச் சாலையில் உள்ளது. கம்பியை அளந்தவர் பலர். அத்தாயின் பன்னிரண்டு ஆண்டுக் கவலையை அளந்தவர் இலர்.

ஆஸ்பத்திரி வாயிலோடு மருத்துவரின் பணி பெரும்பாலும் முடிகிறது. வீட்டாரின் பணி அங்கிருந்துதான் தொடங்குகிறது. திரும்பி வந்தவர் தந்தையின் முகத்தோடுதான் இருப்பார். ஆனால் காரணமின்றிச் சினப்பார், காலையில் உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்பார், கூட்டத்தின் இரைச்சலைப் பொறுக்கமாட்டார். இது மூளையின் காயம் பேசும் பேச்சு என்று மனைவிக்கு ஒருவர் எடுத்துச் சொன்னால் பாதிச் சுமை இறங்கும். கணவர் தன்னை வெறுக்கிறார் என்று எண்ணி அழும் பெண்ணுக்கு அவ்விளக்கமும் ஒரு மருந்தே. நாட்கடமைகளை நேரம் குறித்துச் சுவரில் எழுதி வைத்தல், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் கொடுத்தல், உறவினர் கூடிப் பேசும் இடத்திலிருந்து ஒதுக்கி ஓய்வு தருதல் ஆகியவற்றைக் குடும்பத்தார் பழகிக்கொள்கின்றனர். பள்ளியிலும் இது தேவை. தலையில் அடிபட்டுத் திரும்பிய மாணவன் கணக்கில் தடுமாறினால் அவனைச் சோம்பேறி என்று பிரம்பெடுக்கும் ஆசிரியர், நடக்க முடியாதவனை ஓடச் சொல்லுகிறவரே ஆவார்.

வீடு திரும்பாதவரின் குடும்பமும் உண்டு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்னும் பதினைந்து வயது மாணவன் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டான். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மூளை இறந்தது என்ற சொல்லின் பொருள் அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததனால் துயரம் குறைந்திருக்குமா? இதயம் துடிக்கும் மகனைக் கண்முன் வைத்துக்கொண்டு அவன் உறுப்புகளை ஈவதற்கு இசைந்தனர். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போக்குவரத்தை விலக்கிக் காவல்துறை அவ்விதயத்தைச் சுமார் 11 நிமிடத்தில் கொண்டுசென்றது. அது ஒரு சிறுமியின் மார்பில் துடிக்கலாயிற்று. அடுத்த மாதமே தமிழக அரசின் உறுப்பு மாற்றுத் திட்டம் செயற்படத் தொடங்கிற்று.

1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூளைச்சாவை மருத்துவர் குழு ஒரு முறைக்கு இரு முறை, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில், சோதித்து உறுதி செய்ய வேண்டும். அதன் பின்னரே உறுப்புகளை எடுக்கலாம். அதற்கும் நெருங்கிய உறவினர் எழுத்தில் இசைவு தர வேண்டும். தர மறுப்பவரை யாரும் குறை கூற இயலாது. இசைந்தோரின் வீட்டு இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. அது முதல், சிற்றூர்த் தெருக்களிலும் அதிகாரிகள் மலர்வளையத்துடன் வந்து நிற்கின்றனர்.