எடைக்கு எடை

1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில், பளு தூக்கும் போட்டியின் கனத்த பிரிவில் ஒரு விசித்திரம் நடந்தது. அமெரிக்கரான பால் ஆண்டர்சனும் அர்ஜென்டினாக்காரரான உம்பெர்ட்டோ செல்வெட்டியும் மூன்று வகைத் தூக்கலிலுமாகச் சேர்த்துச் சரியாக 500 கிலோ தூக்கி நின்றார்கள். யாருக்குத் தங்கம்? ஆட்களின் எடைக் கணக்கைப் பார்த்தார்கள். ஆண்டர்சன் சுமார் 138 கிலோ. செல்வெட்டி 143-க்கும் மேலே. 'மெலிந்தவ'ருக்கே தங்கம் என்று தீர்ப்பாயிற்று!

ஆண்டர்சனின் பலத்துக்கு வேர் பஸ்கிதான். நம் பயில்வான்கள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அவர் தோளில் இரும்புத் தண்டை வைத்து, கனத்தைக் கூட்டிக்கொண்டே போனார். இப்படிப் பஸ்கி போடுகிற ஒருவனைப் பலசாலி என்று சொல்வதற்கு முன், 'உன் எடை என்ன?' என்று கேட்பது நியாயந்தான். 1896-இல் ஏதென்ஸில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எடைவாரிப் பிரிவுகள் ஒலிம்பிக்கில் வந்தது 1920-இல்.

ஆனால் எடையால் வகுத்துவிட்டால் போதுமா? 1988-இல் சியோலில், 60 கிலோப் பிரிவில் நைம் சுலைமானோக்லு 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். தம் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம்! ஆண்டர்சனின் பருமனுள்ளவர் அந்த விகிதத்தை எட்ட 430 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டும். அப்படி யாரும் தூக்கியதில்லை. காரணத்தை 1638-லேயே கலீலியோ எழுதிவிட்டார். உருவம் எல்லாப் பக்கமும் இரட்டித்தால் கனம் எட்டு மடங்காகும். தசையின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். பலம் அந்தப் பரப்பைச் சார்ந்தது. ஆகவே வெறும் விகிதம் சிறியவருக்குச் சலுகை. வெறும் கிலோ பெரியவருக்குச் சலுகை. இரண்டுக்கும் நடுவே நிற்கச் சூத்திரங்கள் வந்தன. பளுப் பஸ்கியைப் போட்டியாகவே நடத்தும் சர்வதேசச் சம்மேளனம் வெகுகாலம் ராபர்ட் வில்க்ஸின் சூத்திரத்தை நம்பியிருந்து, 2019-இல் அதை மாற்றியது. அடுத்த ஆண்டே மறுபடியும் மாற்றியது. அளக்கிற கோலையே அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது!

இன்னொரு கேள்வியும் உண்டு: 'எத்தனை காலமாகப் பழகுகிறாய்?' புதிதாகத் தொடங்குகிறவன் ஒவ்வொரு முறையும் சற்றே கூடுதலாகத் தூக்குவான். தசை வளர்வதற்கு முன்பே நரம்புகள் வேலையைக் கற்றுக்கொண்டுவிடுகின்றன. பிறகு அந்த ஏற்றத்துக்கு வாரங்கள் ஆகும். பல்லாண்டு பழகியவனுக்கு மாதங்கள். நேற்று வந்தவனுடைய ஐந்து கிலோவும் பத்தாண்டுக்காரனுடைய ஐந்து கிலோவும் எப்படி ஒன்றாகும்? பழகுகிறவர்களுக்கான அட்டவணைகள் தொடக்கநிலை, இடைநிலை, தேர்ச்சிநிலை என்று பிரிப்பது இதனால்தான்.

போட்டிப் புத்தகம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. செல்வெட்டி 1952-லேயே ஹெல்சிங்கியில் வெண்கலம் வாங்கிய பழைய கை. ஆண்டர்சன் பளுவைத் தொட்டதே 1950-களின் தொடக்கத்தில்தான். அந்தக் கணக்கைக் கேட்டிருந்தாலும் தங்கம் கை மாறியிருக்காது. ஆனால் அத்தனை ஆண்டு உழைத்தவர் ஐந்தரைக் கிலோ சொந்தச் சதையால் தோற்றார் என்பதுதான் எனக்கு மனசில் உறுத்துகிறது.