மட்டக்களப்புப் பறங்கியரும் அவர்தம் சங்கமும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்வதை யாவரும் அறிவர். அவர்களோடு பறங்கியர் என்னும் சிறு சமூகமும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவதை வெளியூர்த் தமிழர் பலர் அறியார்.

புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை, பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் கைப்பற்றினர். கோட்டை கைமாறியது, மொழி மாறவில்லை. போர்த்துக்கேயர் வழிவந்தோர் ஒருவகைக் கலப்புப் போர்த்துக்கேய மொழியையே வீடுகளில் பேசிவந்தனர். தச்சும் கொல்லும் தையலும் அவர்களுக்குச் சோறிட்டன.

கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் தமக்கெனச் சங்கம் கண்டபோது, வம்சாவளியும் ஆங்கிலமும் அங்கு முதன்மை பெற்றன. மட்டக்களப்பின் தொழிலாளிகளுக்கு அங்கே இடமேது? அவர்கள் 1927இல் கத்தோலிக்கப் பறங்கியர் சங்கத்தைத் தாமே நிறுவிக்கொண்டனர். நிலபுலமோ உயர்பதவியோ இல்லாத சிறுபான்மைக்கு, ஒன்றுகூட ஓர் இடம் இருப்பதே பெரும் பலம்.

1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தின் பின்னர் கொழும்புப் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். தமிழையும் தம் மொழியாகக் கொண்டிருந்த மட்டக்களப்பார் பெரும்பாலும் இங்கேயே தங்கினர். போரையும் கண்டனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை டச்பாரில் அவர்களது குடும்பங்கள் பலவற்றைக் கொண்டுபோயிற்று.

திருமண வீடுகளில் கப்ரிஞ்ஞா ஆட்டம் இன்றும் உண்டு. ஆனால் பிள்ளைகள் பேசுவது தமிழ். பழைய மொழி முதியோர் நாவில்தான் எஞ்சியுள்ளது. லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து அதனைப் பதிவுசெய்துள்ளனர். பதிவு மொழியைப் பாதுகாக்கலாம், பேச வைக்காது. அது வீட்டாரின் வேலை.