எங்களைக் கேட்காமல் ஒரு பரிசோதனை

1973இல் கொழும்பு லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசு தன் கைக்குள் கொண்டுவந்தது. அதன் தமிழ் நாளேடான தினகரனும் அதோடு போயிற்று. அது அநியாயம் என்றுதான் ஆசிரியபீடத்தில் மூத்தவர்கள் எனக்குச் சொல்லித் தந்தார்கள். ஆனாலும் அதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. யாரை எதிர்ப்பது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

2017 ஒக்டோபரில் பேஸ்புக் செய்ததற்கு எந்தப் பாராளுமன்றத்திலும் விவாதம் நடக்கவில்லை. இலங்கை, பொலிவியா, குவாத்தமாலா, சேர்பியா, ஸ்லோவாக்கியா, கம்போடியா ஆகிய ஆறு நாடுகளில் ஒரு பரிசோதனை. திறந்ததும் தெரியும் பிரதான வரிசையில் நண்பர், உறவினரின் பதிவுகளும் காசு கட்டிய விளம்பரங்களும் மட்டுமே. பத்திரிகைப் பக்கங்கள் இடுபவையெல்லாம் 'எக்ஸ்ப்ளோர்' என்ற இன்னொரு வரிசைக்குப் போயின. தேடிப்போய்த் தட்டினால்தான் அது திறக்கும். தன் நாட்டில் பல பக்கங்கள் சென்றடையும் வாசகர் தொகை ஓரிரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு சரிந்ததாக ஸ்லோவாக்கியப் பத்திரிகையாளர் பிலிப் ஸ்ட்ரூஹார் எழுதினார்.

2018 பெப்ரவரி 26 இரவு. அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சிங்களவரின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று புரளி. சிங்களம் சரியாகத் தெரியாத, தமிழ் பேசும் ஊழியரைக் கூட்டம் சூழ்ந்து மிரட்டியது. அவர் தடுமாறிச் சொன்னதை ஒப்புதல் வாக்குமூலமாக்கி, காணொளியாகப் பரப்பினார்கள். பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சாப்பாட்டில் கிடந்தது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வில் பின்னர் தெரிந்தது.

பரிசோதனை அன்றும் நடப்பில்தான் இருந்தது. அதன் விதிப்படி, தெரிந்தவர் பகிர்ந்த காணொளிக்கு முன்வரிசை. பத்திரிகைப் பக்கம் இடும் மறுப்புக்கு, யாராவது எடுத்துப் பகிர்ந்தாலன்றி, பின்வரிசை. கலவரத்துக்கு இதுவே காரணம் என்று நான் எழுத மாட்டேன். வெறுப்பை வளர்த்தவர்கள் இங்கேயே இருந்தார்கள். ஆனால் உண்மையைப் பின்னால் தள்ளும் ஒழுங்கு கலிபோர்னியாவில் தீர்மானமாயிற்று என்பது என்னை இன்றும் கொதிக்க வைக்கிறது.

மார்ச் 1ஆம் திகதி பேஸ்புக் அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது. முக்கியத் தகவல்களை மக்கள் எட்டுவது கடினமாகிவிட்டதென்ற முறைப்பாடு வந்ததை நியூஸ் ஃபீட் பொறுப்பாளர் அடம் மொசேரி ஒப்புக்கொண்டார். அடுத்த சில நாட்களில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் கண்டி மாவட்டத்தின் திகன எரிந்தது. மார்ச் 7இல் அரசு பேஸ்புக்கையே முடக்கியது. வதந்தியோடு மறுப்பும் அடைபட்டது.

2020 மே மாதம் அந்த வன்முறையில் தன் தளத்தின் பங்குக்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. 2024இல் வந்த எங்கள் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பெரும்பாலும் பதிவிடுபவரையும், பதிவை நீக்குவதையும் பற்றியே பேசுகிறது. வரிசையை யார், எந்தக் கணக்கில் அடுக்குகிறார்கள் என்று கேட்கும் ஒரு பிரிவையாவது அதில் சேர்க்க வேண்டும்.