முத்து: அசலும் போலியும்

சிப்பியின் உடலுக்குள் அரகோனைட் என்னும் சுண்ணாம்புப் படிகங்கள் நுண்தகடுகளாய் அடுக்கடுக்காகப் படிந்து உருவாவது முத்து. போலி முத்து பெரும்பாலும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மணி. மேலே மீன்செதிள் சாறோ பளபளப்புச் சாயமோ பூசியிருப்பார்கள்.

வீட்டில் எளிதான சோதனை பல்லால் உரசுவது. முன்பல்லின் விளிம்பில் மெல்லத் தேய்த்தால் அசல் முத்து சற்றே நறநறக்கும். போலி பெரும்பாலும் வழுக்கும். முத்தோடு முத்தை உரசினாலும் இதே வேறுபாடு தெரியும், ஆனால் கீறல் விழலாம். இதைவிட நம்பகமானது துளையை உருப்பெருக்கியால் பார்ப்பது. போலியில் துளையோரப் பூச்சு உரிந்து, உள்ளிருக்கும் கண்ணாடி பல்லிளிக்கும். கோவை முழுதும் ஒரே அளவு, ஒரே வடிவம், குறையே இல்லை என்றால் ஐயம் கொள்ளலாம். எடையை மட்டும் நம்பக்கூடாது. கண்ணாடி மணியும் கனக்கும். நெருப்பில் காட்டுவதும் வினிகரில் போடுவதும் மூடத்தனம்: அமிலம் அசல் முத்தைத்தான் அரிக்கும்.

வளர்ப்பு முத்து போலியன்று. தூத்துக்குடியில் 1973இல் இந்திய அறிவியலாளர்கள் அதை உருவாக்கிக் காட்டினர். அதையும் கடலில் தானே விளைந்ததையும் வீட்டில் பிரித்தறிய இயலாது. அதற்கு ஆய்வகத்தின் எக்ஸ்ரே வேண்டும்.